குதிகாலில் பிறை வெட்டிய ஷூ

1

அப்பாவின் நினைவு நாளன்று நான் வெளிநாட்டவர் அலுவலகத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பது சும்மா பேச்சுக்கு. எழுந்தேன், ஜன்னல்வரை நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி எழுந்தேன். இந்த ஜெர்மனிக்காரர்கள் காத்திருப்பதைப் பார்க்க வேண்டும் நீங்கள். கையைக் கட்டிக்கொண்டு, அசையாமல், பக்கத்து ஆள் முகத்தைக்கூடப் பார்க்காமல் மணிக்கணக்காக இருப்பார்கள். வந்து இத்தனை வருஷமாகியும் எனக்கு அது வரவேயில்லை.

அதே நேரத்தில் ஆம்பூரில் அண்ணன் வீட்டில் ஜெபக்கூட்டம் முடிந்து பிரியாணி பரிமாறிக்கொண்டிருப்பார்கள். மாரடைப்பில் போன மனிதருக்கு மட்டன் பிரியாணி! ஒவ்வொரு வருஷமும் இதைச் சொல்லி நான் சண்டை போடுவேன். ஒவ்வொரு வருஷமும் அண்ணன், "வந்தவங்களுக்கு ரசம் சோறா போட்றது? நீ அங்க ரொட்டி தின்னு, எங்கள விடு" என்பார்.

என் முறை வந்தது. வேலை ஒப்பந்தம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால், விசாவுக்கும் அதே கதைதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். காகிதத்தில் இருக்கிறது, ஆனாலும் கேட்பார்கள். மனித ஜீன் ஒன்றின் சத்தத்தை அடக்குகிறோம் என்று சொல்ல வந்தேன். அவசரத்தில் 'தூங்க வைக்கிறோம்' என்று வந்துவிட்டது. அந்தச் சொல்லை இங்கே கால்நடை மருத்துவர் கிழட்டு நாய்க்குக் கடைசி ஊசி போடுவதற்குத்தான் சொல்வார்கள். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மனிதர்களையா?" என்றார். ஐயோ, இல்லையம்மா, எலிகளை என்றேன். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது.

வெளியே வந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் மறுபடி நடக்க ஆரம்பித்தேன். அன்றைக்கு என் மனசில் இருந்ததெல்லாம் ஒரே விஷயம்தான். அப்பா போனது நாற்பத்து மூன்று வயதில். அண்ணனுக்கு இந்த வருஷம் நாற்பத்து மூன்று.

2

அப்பாவுக்கு டேனரியில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை இழுத்துப் போடும் இடத்தில் நாள் முழுக்க ஈரத்தில் நிற்பார். அவருடைய இரண்டு குதிகாலுக்கும் மேலே, பின்பக்கத் தசைநாரில், புளியங்கொட்டை புதைத்த மாதிரி முடிச்சுகள் இருக்கும். தொட்டால் கல். வலிக்காது. ஊரில் கேட்டால், "ஈரத்துல நின்னு நின்னு வந்த வீக்கம், டேனரிக்காரன் காலு அப்டித்தான்" என்பார்கள். நாங்களும் அப்படியே நம்பினோம். டேனரியில் நின்ற மற்றவர்களுக்கு ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. டேனரி வாசலையே மிதிக்காத எனக்குப் பத்தொன்பது வயதில் அதே முடிச்சு வந்தபோதும் கேட்கவில்லை. "அப்பா ஜாடை" என்றார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்பா தொண்ணூறாம் வருஷம் டேனரி கேட்டருகே உட்கார்ந்தவர் எழவில்லை. "வாயு புடிச்சிக்கிச்சு" என்று சொல்லி சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பாதி சோடா குடித்திருக்கிறார்.

சாமுவேல் அண்ணன் அதற்கப்புறம் ஷூ கம்பெனியில் சேர்ந்தார். அப்போதுதான் ஆம்பூரில் வரிசையாக ஷூ கம்பெனிகள் வந்துகொண்டிருந்த நேரம். கட்டிங்கில் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனார். அவருக்கும் அந்த முடிச்சு உண்டு. கம்பெனி ஷூவின் விறைப்பான பின்பக்கம் அதில் அழுத்தும். சும்மா இருப்பாரா? கழித்துப் போட்ட தோலில் தனக்கென்று ஒரு ஜோடி தைத்தார், பின்பக்கத்தைப் பிறை மாதிரி கீழே இறக்கி வெட்டி, உள்ளே மெத்தென்ற ஆட்டுத்தோல் வைத்து. அடுத்தது எனக்கு. நான் விமானம் ஏறியதும் அந்த ஷூவோடுதான். புது ஷூ கடிக்கிறது என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் யாரையும் ஷூ கடித்ததே கிடையாது.

3

இங்கே வந்த முதல் மாதம் ஒரு கருத்தரங்கில் போய் உட்கார்ந்தேன். மொழி பாதி புரியவில்லை, தூக்கம் வேறு. திரையில் ஒரு படம் வந்தது. யாரோ ஒருவருடைய கால், பின்பக்கத்திலிருந்து எடுத்தது. குதிகாலுக்கு மேலே முடிச்சு.

நான் எழுந்து நின்றுவிட்டேன். முன்னூறு பேர் உட்கார்ந்திருந்த அறையில் நான் ஒருத்தி மட்டும் நிற்கிறேன். அது அப்பாவின் கால். அண்ணனின் கால். மேஜைக்குக் கீழே, அண்ணன் தைத்த ஷூவுக்குள் இருக்கும் என் கால். டேனரிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிறக்கும்போதே ரத்தத்தில் கொழுப்பு இரண்டு மடங்காக இருக்கிற பரம்பரைக் கோளாறு அது. அந்தக் கொழுப்புதான் தசைநாரில் போய்ப் படிகிறது. இதயக் குழாயிலும் படிகிறது. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு.

அன்று சாயங்காலமே டெலிபோன் கார்டு வாங்கி அண்ணனைப் பிடித்தேன். திட்டி, கெஞ்சி, அழுது, வேலூருக்குப் போய் ரத்தம் பார்க்க வைத்தேன். இருந்தது. அவருடைய மகள் பெனிட்டாவுக்கும் பார்த்தார். இல்லை, தப்பித்தாள். டாக்டர் அண்ணனுக்கு ராத்திரி போட ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். எனக்கும் இங்கே அதே மாத்திரைதான். அந்தக் கருத்தரங்கு நடத்திய ஆராய்ச்சிக் கூடத்திலேயே, விடாமல் போய்க் கேட்டு, நான் வேலையும் வாங்கினேன்.

எங்கள் வேலையை எளிதாகச் சொல்லிவிடுகிறேன். ஈரல் செல்களின் மேல் கொக்கிகள் இருக்கின்றன. ரத்தத்தில் போகும் கெட்ட கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுப்பவை அவை. எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கொக்கி பாதிதான். இருக்கிற பாதியையும் பிடித்துத் தின்று தீர்க்கிற புரதம் ஒன்று எல்லோருடைய உடம்பிலும் இருக்கிறது. அதைச் செய்யச் சொல்லும் மனித ஜீனை எலிக்குள் ஏற்றி வைத்திருக்கிறோம். அப்புறம் ஜலதோஷ வைரஸ் ஒன்றை எடுத்து, நோய் பரப்பும் பகுதியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் 'இந்த ஜீனைப் பேச விடாதே' என்கிற சின்னக் கட்டளையை வைத்து எலிக்கு ஊசியாகப் போடுகிறோம். வைரஸ் நேரே ஈரலுக்குப் போகிறது. ஜீன் வாயை மூடுகிறது. கொக்கிகள் தப்பிக்கின்றன.

"வாயை மூட வெக்கிற வைரஸா?" என்றார் அண்ணன், இதை நான் போனில் சொன்னபோது. "நம்ம சபையில நாலஞ்சு பேருக்கு வேணும், அனுப்பி வை."

4

ஞாயிறு தவறாமல் அண்ணனுக்கு போன் பண்ணுவேன். அவருடைய முதல் கேள்வி என்னைப் பற்றியோ, வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு ரயில் ஏறும் என் கணவரைப் பற்றியோ இருக்காது.

"இன்னா கிரேஸு, எலிங்க எப்டி கீதுங்க?"

போன வசந்தத்தில் ஒரு ஞாயிறு, என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "அண்ணா! பாதிக்குப் பாதி கொறஞ்சிடுச்சு!"

"பாதியா? ஒரே ஊசியிலயா?"

"ஒரே ஊசி. ஆனா இது எலிக்கு. மனுஷனுக்கு வர இன்னும் எவ்ளோ வருஷம் ஆவுமோ. வருமோ வராதோ."

"வரும், வரும்" என்றார். நான் சொன்னதில் முன்பாதிதான் அவர் காதில் ஏறியது என்பது எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கைகளை வாசிப்பார்கள். பேறுகாலம் நல்லபடி முடிந்ததற்கு, வீடு கட்டி முடித்ததற்கு, பரீட்சையில் பாஸானதற்கு என்று கவரில் போட்டுக் கொடுத்தால், ஆயர் பேர் சொல்லி வாசித்து ஜெபிப்பார். அந்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு ஆயர் வாசித்தது இது: "சகோதரர் சாமுவேல் குடும்பத்தார், ஜெர்மனியிலுள்ள தங்கை மூலமாகக் கர்த்தர் தந்த கொழுப்பு வியாதிக்கான மருந்துக்காக ஸ்தோத்திரம்." சபை முழுக்க ஆமென் சொல்லியிருக்கிறது. வெளியே வந்தபோது நாலு பேர், ஊசி எப்போது ஆம்பூருக்கு வரும் என்று விசாரித்திருக்கிறார்கள்.

இதெல்லாம் எனக்கு அப்பாவின் நினைவு நாளுக்குச் சில நாள் முன்னால்தான் தெரிந்தது. லீலா அண்ணி சொன்னார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. பக்கத்து அறையில் அண்ணன் இருந்திருக்க வேண்டும்.

"கிரேஸு, உங்க அண்ணன் மாத்திரைய நிறுத்திட்டாரு. அந்தக் காணிக்கை வாசிச்ச நாள்லேர்ந்து தொட்றதே இல்ல. மெடிக்கல் ஷாப் பாய்கூட கேட்டாராம், இன்னா சூப்பர்வைசர் ஆளையே காணோம், ஊசி வந்துட்டுதான்னு. நான் சொன்னேன்னு சொல்லிடாத. அப்புறம் ஒரே பேஜார்."

"எதுக்கு நிறுத்துனாராம்?"

"ஸ்தோத்திரம் சொன்னப்புறம் மாத்திரை போட்டா, சொன்னது பொய்யாய்டுமாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டுக்குள் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தேன். என் மகன் டேனி தலையைத் தூக்கி, "என்ன ஆச்சு?" என்று ஜெர்மனில் கேட்டான். தமிழில் கேட்டால் ஜெர்மனில்தான் பதில் சொல்வான், கேள்வி கேட்பதும் அதில்தான். மூன்று வயதில் தமிழ் மட்டும் பேசிக்கொண்டு வந்த பிள்ளை. பன்னிரண்டு வயதில் என் கோபத்தைக்கூட அவனுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"மாமாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது" என்றேன்.

"சரி" என்று மறுபடி தலையைக் குனிந்துகொண்டான்.

5

இதில் இன்னொரு கூத்து. அண்ணன் ஸ்தோத்திரம் சொன்ன அந்த எலிகளுக்குக் கொழுப்பு திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது.

வைரஸை உடம்பு கண்டுபிடித்துவிடுகிறது. வைரஸ் புகுந்த செல்களை ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கட்டுகிறது. கட்டளை போய்விட்டால் ஜீன் மறுபடி பேச ஆரம்பிக்கிறது. சரி, இன்னொரு ஊசி போடலாம் என்றால், அதற்குள் உடம்பு உஷாராகிவிடுகிறது. இரண்டாவது ஊசியை ஈரல் பக்கமே விடுவதில்லை. இது எங்களுக்கு முன்பே தெரிந்த தொல்லைதான். வேறு வைரஸ் தேட வேண்டும். வருஷக்கணக்கு வேலை. ஆராய்ச்சிக் கூடத்தில் யாரும் அழவில்லை. எங்கள் தலைவர் தோளைக் குலுக்கிவிட்டுக் காபி குடிக்கப் போனார். எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் எலியின் ரத்தம் பார்க்கும்போது அண்ணன் முகம் வந்து நின்றது.

நினைவு நாளுக்கு அடுத்த ஞாயிறு கார்டைச் சுரண்டி நம்பரைப் போட்டேன். இந்தக் கார்டில் ஒரு பெண் குரல் அவ்வப்போது குறுக்கே வந்து, இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கிறது என்று சொல்லும்.

"இன்னா கிரேஸு, எலிங்க..."

"ஏறிடுச்சு அண்ணா."

"இன்னாது?"

"கொழுப்பு. திரும்ப ஏறிடுச்சு."

"எல்லா எலிக்குமா?"

"எல்லாத்துக்கும்."

பின்னால் தெருவில் ஆட்டோ போகும் சத்தம் கேட்டது. "அப்போ நான் ஸ்தோத்திரம் சொன்னது வீணா?" என்றார். குரல் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது. திட்ட வேண்டும் என்று பட்டியல் போட்டு வைத்திருந்தேன். அதை மடித்து வைத்துவிட்டேன்.

"வீண் இல்லண்ணா. சீக்கிரம் சொல்லிட்ட. அவ்ளோதான். மாத்திரைய போடு."

"உனுக்கு யார் சொன்னது?"

"யாரோ சொன்னாங்க. போடு."

"அத போட்டா காலெல்லாம் வலிக்குது கிரேஸு. நாள் பூரா லைன்ல நிக்கிறவன் நான்."

"டாக்டர்கிட்ட சொல்லு, மாத்திக் குடுப்பாரு. அப்பா வயசு ஆயிடுச்சு உனுக்கு. எனக்கு பயமா இருக்குது. தூக்கம் வர்ல."

"எனக்கு மட்டும் வருதா?" என்றார். பிறகு சட்டென்று குரலை மாற்றினார். "இரு இரு. என்னய இவ்ளோ கேக்கறியே. டேனிக்குப் பாத்தியா?"

ரிசீவரை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"பெனிட்டாவுக்கு நான் அப்பவே பாத்துட்டேன். நீ எலிக்கு ரத்தம் பாக்கறவ. உன் புள்ளைக்குப் பாத்தியா?"

கார்டுக்காரி குறுக்கே வந்து ஒரு நிமிஷம் பாக்கி என்றாள்.

"நீ அவனுக்குப் பாரு" என்றார் அண்ணன். "பாத்துட்டு எனக்கு போன் பண்ணு. அன்னிக்கு நான் மாத்திரை போட்றேன். அதுவரைக்கும் போட மாட்டேன், போ."

"அண்ணா, இது இன்னா விளையாட்டு..."

லைன் கட்டாகிவிட்டது.

6

பார்க்கவில்லைதான். ஏன் என்று கேட்டால் என்னிடம் நூறு காரணம் இருந்தது. பள்ளிக்கூடம் மாறட்டும். மருத்துவக் காப்பீட்டில் எழுதிவிட்டால் பின்னால் சிக்கலாகுமோ. விசா வரட்டும். எல்லாம் சாக்கு. எலிக்குக் கொழுப்பு ஏறினால் வேறு வைரஸ் தேடலாம். இவனுக்கு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் நான் எங்கே போய் எதைத் தேடுவது? பயம். வேறொன்றும் இல்லை.

அந்த வாரமே டேனியை அழைத்துக்கொண்டு போனேன். ஊசி குத்தும்போது அவன் ஜன்னலைப் பார்த்தான், நான் அவன் குதிகாலைப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. இந்த வயதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

டாக்டர் வேலை நேரத்தில் கூப்பிட்டுச் சொன்னார். இருக்கிறது. எண்ணைச் சொன்னார். அதே மாதிரி எண்களை நான் தினமும் பார்க்கிறேன். அன்றைக்குக் கையுறையைக் கழற்றிவிட்டு வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன்.

சாயங்காலம் டேனியிடம் சொன்னேன். என்னென்னவோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவன் ஒரு கேள்விதான் கேட்டான். "இது யாரிடமிருந்து?"

"என்னிடமிருந்து. எனக்குத் தாத்தாவிடமிருந்து."

"ஆம்பூர் தாத்தாவா? எனக்கும் மாமாவுக்கும் ஒன்றேயா?"

"ஆமாம்."

தலையை ஆட்டிக்கொண்டான். பயந்த மாதிரியே தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவனுக்கு ஊரிலிருந்து எதைக் கொடுத்துப் பார்க்கவில்லை நான்? ஞாயிறு பாடல் சொல்லிக் கொடுத்தேன், ஒட்டவில்லை. தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்தேன், பாதியில் விட்டான். ஊருக்கு வா என்றால் வெயில் என்கிறான். இது ஒன்று மட்டும் கேட்காமல் கொள்ளாமல் அவனிடம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

7

ஞாயிறு. அங்கே ராத்திரி சாப்பாட்டு நேரம்.

"பாத்தேன்" என்றேன்.

"இருக்குதா?"

"இருக்குது அண்ணா."

அவர் ஐயோ என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ரிசீவரை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, "லீலா, அந்த மாத்திரைய எடு. தண்ணி கொண்டா" என்றார். அண்ணியின் வளையல் சத்தம். டம்ளர் சத்தம். மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம்.

"போட்டுட்டேன். கேட்டுச்சா? பையன்கிட்ட குடு."

கொடுத்தேன். டேனி போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க மாமா" என்றான், ஒவ்வொரு எழுத்தாக இறக்கி வைக்கிற மாதிரி. அண்ணன் என்ன சொன்னாரோ. இவன், "ம்... ம்... நானும் போடறேன்... தினமும்... சரி மாமா" என்றான். பிறகு போனை என்னிடம் நீட்டி, "உன்னைக் கேட்கிறார்" என்றான், ஜெர்மனில்.

"கிரேஸு, புள்ளைய ஒரு காயிதத்து மேல நிக்க வெச்சு, பென்சில்ல பாதத்தச் சுத்தி வரைஞ்சு தபால்ல அனுப்பு. ரெண்டு காலும். ஷூ தைக்கணும்."

"குதிகாலும் அளந்து அனுப்பட்டுமா? எங்க வெட்டணும்னு..."

"எதுக்கு வெட்டணும்?" என்று சத்தம் போட்டார். "நம்ம ரெண்டு பேரும் லேட்டு. அவன் இப்பவே மாத்திரை போட்டா அந்த முடிச்சு அவனுக்கு எதுக்கு வருது? பின்பக்கம் முழுசா வெச்சுத்தான் தைக்கப் போறேன். நல்ல கெட்டியா."

ஆராய்ச்சிக் கூடத்தில் இப்போது வேறு வைரஸை வைத்து முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம். அண்ணன் எலிகளை விசாரிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் காணிக்கைக் கவரில் இப்போது ஸ்தோத்திரம் என்று எழுதுவதில்லையாம், விண்ணப்பம் என்று எழுதுகிறாராம். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். கால் வலி கம்மி என்கிறார்.

ஷூ நேற்று வந்தது. கறுப்புத் தோல், ஆம்பூர் வாசனை பெட்டியைத் திறந்ததும் அறை முழுக்க அடித்தது. பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். பிறை இல்லை. நேராக, உயரமாக, விறைப்பாக நின்றது. டேனி போட்டுக்கொண்டு கூடத்தில் நாலு எட்டு வைத்தான். முகத்தைச் சுளித்தான்.

"அம்மா," என்றான், அதிசயமாகத் தமிழில், "பின்னாடி கடிக்குது."

"கடிக்கட்டும்" என்றேன்.